நாமும் நாங்களும்: சர்ச்சிலின் சொல்லும் கிள்ளான் தமிழரும்

சொல்லால் உயர்ந்த ஒருவரைச் சொல்லைக் கொண்டே அளத்தல் முறையாகும். வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை நோக்கினால், அவை பெரும்பாலும் இரு திறப்படும். இட்லரை எதிர்த்து நின்ற மாவீரர் என்று போற்றுவன ஒரு திறம். காந்தியடிகளை எள்ளி நகையாடிய ஏகாதிபத்தியவாதி என்று தூற்றுவன மற்றொரு திறம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் போற்றுவோரும் தூற்றுவோரும் அவரை அரசியல்வாதியாகவே காண்கின்றனர். அவர் எழுத்தாளரும் ஆவார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1953ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இலக்கியப் பரிசு பெற்றவரின் சொற்களை இலக்கியத் திறனாய்வின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. அவர் சொல்லின் நிழலில் வாழ்ந்தும் மாண்டும் போன மலாயாத் தமிழரின் வழிவந்தோர்க்கு அவ்வுரிமை சற்று மிகுதியாகவே உண்டு எனலாம்.

இவ்வாய்வுக்கு நாம் எடுத்துக்கொள்ளும் கருவி மிக எளியது. தொடக்கப் பள்ளி மாணவரும் அறிந்தது. தமிழில் தன்மைப் பன்மைப் பெயர் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்வதை உளப்படுத்துதல் என்றனர் நம் இலக்கண ஆசிரியர். நம் நாட்டின் மலாய் மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. 'கீத்தா' என்பது நாம்; 'காமி' என்பது நாங்கள். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் ஒரே சொல்தான். அம்மொழியில் பேசுபவர், தம் முன் நிற்பவரைச் சேர்த்துக்கொண்டாரா, விலக்கினாரா என்பதைச் சொல்லாமலே பேசி முடித்துவிடலாம். சர்ச்சிலின் சொல்வன்மைக்குப் பேருதவி புரிந்தது இவ்வசதியே என்பது இக்கட்டுரையின் கருத்து.

சொல் பிறந்த வரலாறு

1874 நவம்பர் 30ஆம் நாள் பிளென்ஹைம் மாளிகையில், கோமகன் ஒருவரின் பேரனாகப் பிறந்தவர் சர்ச்சில். பள்ளியில் அவர் சிறந்து விளங்கவில்லை. 1896ஆம் ஆண்டு, குதிரைப்படை இளம் அதிகாரியாக அவர் வந்து சேர்ந்த இடம் பெங்களூர். தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த அத்தண்டுப் பகுதியில், பகலின் வெம்மைக்கு அஞ்சி அறைக்குள் அடைந்திருந்த நெடும்பொழுதுகளில் கிப்பனையும் மெக்காலேயையும் அவர் விரும்பிப் பயின்றார். பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பாடிய அந்நடை அவருக்குள் ஊறியது. பிற்காலத்தில் உலகம் வியந்த சர்ச்சில் நடைக்கு வித்து ஊன்றப்பட்ட இடம் தென்னிந்தியாவே என்பது எண்ணி மகிழத்தக்க முரண். அந்நடையைக் கற்ற இடத்தில் வாழ்ந்த மக்களைப் பற்றியோ அவர் பெரிதும் கற்றாரில்லை.

1920ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக் படுகொலையை நாடாளுமன்றத்தில் அவர் வன்மையாகக் கண்டித்தார். இதனை அவர் பக்கம் வரவு வைத்தல் நடுவுநிலைமை. அதே சர்ச்சில், 1930களில் இந்தியாவிற்குச் சிறு அளவில் தன்னாட்சி வழங்கும் முயற்சியையும் மூர்க்கமாக எதிர்த்தார். இந்தியரைக் கொல்லுதல் தவறென உணர்ந்த நெஞ்சம், இந்தியர் தம்மைத் தாமே ஆளுதல் முறையென உணரவில்லை.

1940 மே 10ஆம் நாள் அவர் பிரதமரானார். பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்தது. அம்மாத இறுதியில், சமரசம் பேசலாமா என்ற வினா போர் அமைச்சரவையிலேயே எழுந்தது. சமரசம் வேண்டா என்று அவர் உறுதியாக நின்றார். அன்று அவர் தளர்ந்திருந்தால் ஐரோப்பாவின் இருள் எத்தனை ஆண்டு நீடித்திருக்குமோ! யூத மக்களை வேரறுக்க முனைந்த ஓர் ஆட்சியின் குறுக்கே நின்றது அவ்வுறுதி. இவ்வுண்மையை மறுத்துவிட்டு அவரைக் குறை கூறுவது திறனாய்வு ஆகாது.

ஒரு பேச்சும் இரு பெயர்களும்

1940 ஜூன் 4ஆம் நாள், டன்கர்க்கிலிருந்து படைகள் மீட்கப்பட்ட பின், நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. கடற்கரைகள், தரையிறங்கு களங்கள், வயல்கள், தெருக்கள், குன்றுகள் என இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோரிடத்தும் போரிடுவோம் என்ற ஒரே வினையை மீண்டும் மீண்டும் வைத்தார். நம் அணியிலக்கணம் இதனைச் சொற்பொருள் பின்வருநிலை என்று கூறும். அருஞ்சொல் இல்லை, வருணனை இல்லை, உழவனும் சுமைதூக்குபவனும் அறிந்த சொற்களே உள. கேட்டவர் எல்லாரும் தம்மை அவ்வினையின் எழுவாயாக உணர்ந்தனர். பேச்சுக்கலையின் கொடுமுடி அது என்பதில் ஐயமில்லை.

இனி, ஓர் ஆசிரியர் அவ்வுரையைத் தமிழில் பெயர்க்குமாறு மாணவரைப் பணிப்பதாகக் கொள்வோம். 'போரிடுவோம்' என்ற வினைமுற்றில் இடர்ப்பாடில்லை. எழுவாயாக எதனை வைப்பது? நாமா, நாங்களா? அவையோரை நோக்கியதால் 'நாம்' என்பான் ஒரு மாணவன். கிள்ளானில் வானொலி கேட்ட தமிழனுக்கு அது 'நாங்கள்' தானே என்பான் மற்றொருவன். இருவருக்கும் விடை கூற, உரையின் இறுதிப் பகுதியைக் காண வேண்டும். தீவு பகைவர் கைப்பட்டாலும், கடல்கடந்த பேரரசு பிரிட்டிஷ் கடற்படையின் காவலில் போரைத் தொடரும் என்று அங்கே அவர் கூறுகிறார். பேரரசு என்பதில் மலாயாவும் அடங்கும். ஆகவே உழைப்புக்கும் உயிர்ப்பலிக்கும் நாம் உளப்படுத்தப்பட்டோம். உரிமைக்கும் உளப்படுத்தப்பட்டோமா? அதற்கு விடை கூறும் களம் கிள்ளான்.

கிள்ளான், 1941

அக்காலத்தில் உலக இரப்பரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மலாயா தந்தது. போருக்கு இரப்பர் வேண்டும். அமெரிக்க டாலர் வேண்டும். இரண்டையும் பால்மரத்திலிருந்து வடித்துக் கொடுத்தவர் தோட்டத் தமிழர். இரப்பர் விலை ஏறியது, விலைவாசியும் ஏறியது, கூலி மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை.

1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர் அவர். தமிழ் எழுத்தாளர் வரலாற்றில் அவருக்குரிய இடத்தை நாம் இன்னும் முழுமையாக அளித்தோமில்லை.

தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடத்தல் ஒழிதல், கொடுமை செய்யும் கங்காணி, கிராணிமாரை அகற்றுதல், பேசவும் கூடவும் உரிமை. இவற்றோடு ஒன்றையும் கேட்டனர்: துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலி உயர்வை ஒரு கணக்கர் எண்ணால் தீர்த்துவிடலாம். மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையை எந்த எண்ணால் அளப்பது? மானம் என்று நாம் ஏட்டில் படிப்பதை லயத்து மனிதன் அச்சிறு கோரிக்கையில் எழுதிக் காட்டினான்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். படை வரவழைக்கப்பட்டது, அதில் இந்திய வீரர்களும் இருந்தனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர் என வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இவ்வாணைகளைச் சர்ச்சிலே பிறப்பித்தார் என்று நாம் கூறவில்லை. இலண்டனிலிருந்து அவர் நோக்கிய திசை வேறு. ஆனால் கொடுங்கோன்மைக்கு எதிரான போர் என்று அவர் முழங்கிய அதே காலத்தில், அவர் தலைமையேற்ற அரசின் பெயரால் இது நடந்தது.

மூன்று திங்கள் கழிந்தன. ஆகஸ்டு 14ஆம் நாள், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுடன் இணைந்து அட்லாண்டிக் சாசனத்தைச் சர்ச்சில் வெளியிட்டார். மக்கள் தாம் விரும்பும் ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை அது போற்றியது. ஆசிய நாடுகளெங்கும் நம்பிக்கை முளைத்தது. செப்டம்பர் 9ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அவர் அளித்த விளக்கம் அம்முளையைக் கிள்ளியது. நாசிகளின் நுகத்தடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளையே அவ்விதி முதன்மையாகக் கருதியது என்றும், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட நாடுகளின் நிலை வேறு என்றும் அவர் தெளிவுபடுத்தினார். ஜூன் உரையில் ஆங்கிலச் சொல் மறைத்து வைத்திருந்த வேறுபாடு இங்கே வெளிப்பட்டது. போருக்கு நாம், விடுதலைக்கு நாங்கள்.

வீழ்ச்சியும் விலக்கமும்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். சர்ச்சில் நம்பி அனுப்பிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடலில் மூழ்கின. பினாங்கில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய மக்கள் குண்டுமழைக்குக் கீழே விடப்பட்டனர். அந்நகரின் ஆங்கில நாளிதழ் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, நகரில் காவற்படை இல்லை என்பதை வானொலி வழியே அறிவித்தார். ஆண்டவர் கைவிட்ட ஊரைக் குண்டிலிருந்து காக்கும் பொறுப்பு ஓர் எழுத்தாளர் கைக்கு வந்தது.

1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 10ஆம் நாள், சிங்கப்பூரை இறுதிவரை காக்குமாறு தளபதி வேவலுக்குச் சர்ச்சில் தந்தி விடுத்தார். படையைக் காக்கும் எண்ணமோ, பொதுமக்களைத் தப்பவிடும் எண்ணமோ அந்நிலையில் கூடாது என்பது அதன் சாரம். ஐந்தே நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. தன் நகரத்து மக்களோடு சேர்ந்து துன்புற்ற தலைவர் என்று இலண்டன் அவரைக் கொண்டாடியது. சிங்கப்பூர் மக்களோ அவர் தந்தியில் செலவுக் கணக்கில் எழுதப்பட்டனர்.

வரலாற்றாசிரியர் சர்ச்சில்

1948ஆம் ஆண்டு முதல் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது அவரது இரண்டாம் உலகப் போர் வரலாறு. நான்காம் தொகுதியில் சிங்கப்பூர் வீழ்ச்சியை அவர் விரிவாக எழுதியுள்ளார். நிலப்பக்கம் அரணில்லாத கோட்டை அது என்பதைத் தாம் முன்னரே விசாரித்து அறியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பகுதி நேர்மையுடையது. நடையோ வீழ்ச்சிக் காவியம் பாடும் பழம்புலவரை நினைவூட்டும். தந்திகளையும் குறிப்புகளையும் இடையிடையே கோத்து, படிப்பவரை அமைச்சரவை அறைக்குள்ளேயே அமர்த்திவிடும் ஆற்றல் அந்நூலுக்கு உண்டு.

குறையும் அங்கேதான் உள்ளது. அவ்வறையின் சாளரம் வழியே தெரிந்தவை கப்பல்கள், படைப்பிரிவுகள், வரைபடங்கள். மலாயா அங்கே ஓர் அரணாகத் தெரிகிறது; ஓர் ஊராகத் தெரியவில்லை. பால்மரக் காட்டில் படை பின்வாங்கியது வரலாறாகிறது. அம்மரத்தைச் சீவியவன் வரலாறாகவில்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. பர்மா அரிசி நின்றது, புயல், போர்க்கால விலையேற்றம், படகுகளைப் பறித்த கொள்கை எனக் காரணங்கள் பல. ஆயினும் தானியம் அனுப்பக் கப்பல் கேட்டு இந்தியாவிலிருந்து சென்ற முறையீடுகளை அவர் அமைச்சரவை போதிய அளவில் ஏற்கவில்லை. அப்பெருந்துயருக்கு அவ்வரலாற்றில் ஏறக்குறைய இடமேயில்லை. எழுதாமல் விடுவதும் வரலாற்றாசிரியரின் ஒரு முடிவே ஆகும்.

விடுபட்ட பக்கங்களை எழுதியோர்

1942 நடுப்பகுதி முதல் 1943 அக்டோபர் வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை ஜப்பானியர் அமைத்தனர். போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேரளவில் அங்கே உழைத்தனர். பன்னீராயிரத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்திற்கு மேற்பட்டோர் சென்றனர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். கூலி என்றும் அரிசி என்றும் ஆசை காட்டியும், வழியில் வளைத்துப் பிடித்தும் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் மாண்டோர் பாதியளவினர் இருக்கலாம். மலாயா இருப்புப்பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே சென்றன. இருப்புப்பாதைத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த நம் பிரிக்பீல்ட்ஸ், இரும்பும் மனிதரும் ஒருசேர வடக்கே இழுத்துச் செல்லப்பட்டதைக் கண்ட ஊர்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெயரும் படைப்பிரிவும் பொறித்த கற்களே மிகப் பல. தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற குவாய் நதிப் பாலத் திரைப்படமும் பிரிட்டிஷ் கைதிகளின் கதையாகவே அமைந்தது. இந்நிலையில், கல் இல்லாதார்க்குச் சொல்லால் கல் நட்டவர் நம் நாவலாசிரியர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியன இவ்வகையில் தலைசிறந்தன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாகி, தென்கிழக்காசியப் போர்க்காலத்தைத் தமிழன் கண்ணால் காட்டியது. இந்நாவல்கள் அமைச்சரவை அறையிலிருந்து தொடங்குவதில்லை. பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் கடைத்தெருவிலும் போர் வந்து நிற்கும் விதத்தை அவை காட்டுகின்றன. சர்ச்சில் நூலின் வீறு அவற்றிற்கு இல்லை என்பார் உளர். வீறு என்பது வென்றவர்க்கு எளிதில் வாய்க்கும் நடை. இழந்தவர் எழுதும்போது வேறு நடை வேண்டும்.

நம் 'நாம்'

பிறரை அளந்த கோலால் நம்மையும் அளத்தல் அறம். சர்ச்சிலின் சொல் விலக்கிய இடத்தில் மற்றொரு குரல் நம்மை உளப்படுத்தியது. 1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் தற்காலிக சுதந்திர இந்திய அரசை நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அறிவித்தார். தோட்டத் தொழிலாளியை வீரன் என்று விளித்த முதல் பெருந்தலைவர் அவர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், பதினெட்டு வயதளவில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, அதன் இரண்டாம் நிலைத் தலைமை வரை உயர்ந்தார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது, தலைமையேற்ற ஜான் திவி முதலிய பலர் அவ்வியக்கத்தில் பயின்றவரே. நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தை நேதாஜி நமக்குத் தந்தார் என்பது மிகையன்று.

ஆயினும், அவர் கைகோத்த ஜப்பானிய அரசே சயாம் பாதையில் நம்மவரைப் பிணமாக அடுக்கியது. அவ்விரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. படையணிவகுப்பைப் பாடிய நாம், பாதையில் மாண்டோரை எண்ண நெடுங்காலம் தயங்கினோம். மரண இரயிலில் மாண்டோர் தமிழர் மட்டுமல்லர்; பர்மியர், மலாய்க்காரர், சீனர், சாவகர் எனப் பலர். நாம் எழுதும் 'நாம்' அவர்களைச் சேர்க்கிறதா? இவ்வினாவை எழுப்பாமல் சர்ச்சிலைக் குறை கூறுவோமாயின், அவர் பிழையையே நாமும் செய்தவராவோம்.

1945 மார்ச்சு 10ஆம் நாள், கோலாலம்பூர் இருப்புப்பாதை நிலையப் பகுதியைக் குறிவைத்த நேச நாட்டு விமானங்களின் குண்டு, அண்மையிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மீது விழுந்தது. அவ்விடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. இடிந்த வரலாற்றை மீண்டும் கட்டலாம் என்பதற்கு அக்கட்டடமே சான்று. கட்டுவோர் எதனைச் சேர்க்கின்றனர், எதனை விடுகின்றனர் என்பதே வினா.

1965 ஜனவரி 24ஆம் நாள் சர்ச்சில் மறைந்தார். அவர் உரை இன்றும் பேச்சுக்கலைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது, கற்பிக்கப்படவும் வேண்டும். வகுப்பறையில் அதனைத் தமிழில் பெயர்க்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்: எழுவாயைத் தாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டா. அவ்விடத்தைக் கரும்பலகையில் வெறுமையாக விடுக. 1940இல் இலண்டன் தெருவில் நின்ற ஒருவன் அதில் என்ன எழுதியிருப்பான், 1941இல் கிள்ளானில் மிதிவண்டியோடு நின்ற ஒருவன் என்ன எழுதியிருப்பான் என்று மாணவரைக் கேட்க. அவர்கள் விடை தேடும் அந்நேரத்தில் இலக்கணமும் வரலாறும் ஒரே பாடமாகும்.